நெருங்கிப் பார்த்தால் தெரியும் அழகு: வீட்டுப் பொருட்களில் குளோசப் போட்டோ

கேமரா உள்ள மொபைல் போன் இன்று கிட்டத்தட்ட எல்லார் கையிலும் இருக்கிறது. சிலரிடம் தனியாக டிஜிட்டல் கேமராவும் இருக்கும். ஆனால் இவற்றைக் கொண்டு நாம் என்ன படம் எடுக்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள். கல்யாணம், பிறந்த நாள், கோவில், ஊட்டி, கொடைக்கானல். இவை முடிந்து விட்டால் கேமரா பீரோவுக்குள் போய்விடுகிறது. "வீட்டில் படம் எடுக்க என்ன சார் இருக்கிறது?" என்று தான் பலரும் கேட்கிறார்கள்.

நிறையவே இருக்கிறது. ஒரு ஸ்டீல் டம்ளர், பயன்படாத ஒரு சி.டி., பள்ளிக்கூடத்துப் பிளாஸ்டிக் ஸ்கேல், ஒரு வெங்காயத் தோல். இவற்றில் ஏதாவது ஒன்றை மிக அருகில் சென்று, பொருள் என்னவென்றே தெரியாத அளவுக்கு நெருங்கிப் படம் எடுத்துப் பாருங்கள். மானிட்டரில் முழுத்திரையில் திறந்தால் மணல்மேடு போலவும், மாலை வானம் போலவும், பட்டுப்புடவையின் மடிப்பு போலவும் தெரியும். இதை அப்ஸ்ட்ராக்ட் போட்டோ என்கிறார்கள். தமிழில் அரூபப் படம் என்று சொல்லலாம். உருவம் போய், கோடும் நிழலும் நிறமும் மட்டும் மிஞ்சி நிற்கும் படம் இது.

சில ஆண்டுகளாக இப்படிப் படம் எடுத்துப் பழகி வருகிறேன். அதில் கற்றுக் கொண்டவற்றை இந்தப் பாடத்தில் வரிசையாகத் தருகிறேன். புதிதாக எதையும் வாங்க வேண்டியதில்லை. உங்கள் வீடும், உங்களிடம் உள்ள கேமராவும், கம்ப்யூட்டரும் போதும்.

பெயர் மறைய வேண்டும்

முதலில் இதன் அடிப்படையைப் புரிந்து கொள்வோம். ஒரு பொருளைப் பார்த்தவுடன் நம் மனம் அதற்குப் பெயர் சொல்லி விடுகிறது. "இது டம்ளர்." அத்துடன் கண்ணின் வேலை முடிந்துவிடுகிறது. தினமும் காபி குடிக்கும் டம்ளரின் அடிப்புறத்தில் எத்தனை வட்டக் கோடுகள் இருக்கின்றன என்று யாராவது கேட்டால் நம்மால் சொல்ல முடியாது. ஆயிரம் முறை கையில் எடுத்திருக்கிறோம். ஒரு முறையும் பார்த்ததில்லை.

குளோசப் படம் இந்தப் பழக்கத்தை உடைக்கிறது. விளிம்பு, கைப்பிடி, மூடி போன்ற அடையாளங்கள் பிரேமுக்கு வெளியே போய்விட்டால் மனதால் பெயர் சொல்ல முடியாது. அப்போது தான் கண் உண்மையாகப் பார்க்கத் தொடங்குகிறது. எனவே எவ்வளவு நெருங்க வேண்டும் என்ற கேள்விக்கு என் பதில் இது தான்: பெயர் மறையும் வரை நெருங்குங்கள்.

இது இன்று நேற்று வந்த யோசனை அல்ல. 1665ல் ராபர்ட் ஹூக் என்ற ஆங்கில விஞ்ஞானி, மைக்ரோஸ்கோப்பில் தான் கண்டவற்றை வரைந்து மைக்ரோகிராபியா என்ற நூலாக வெளியிட்டார். அதில் அவர் முதலில் எடுத்துக் கொண்டது ஓர் ஊசியின் முனை. கூர்மைக்கு உதாரணமாக நாம் சொல்லும் ஊசி, அதில் மழுங்கிய, மேடும் பள்ளமுமான ஒரு மலை போல இருந்தது. அச்சடித்த முற்றுப்புள்ளி ஒன்று ஒழுங்கற்ற மைத் திட்டாகத் தெரிந்தது.

கேமராவில் இதைச் செய்தவர்களும் உண்டு. 1916ல் அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பால் ஸ்ட்ராண்ட், சாதாரண சமையலறைக் கிண்ணங்களையும், வீட்டுத் திண்ணைக் கம்பிகளின் நிழலையும் நெருங்கி எடுத்து அரூபப் படங்களாக்கினார். ஜெர்மனியில் கார்ல் பிளாஸ்ஃபெல்ட் என்ற ஆசிரியர், மாணவர்களுக்கு அலங்கார வடிவங்களைக் கற்பிப்பதற்காகச் செடிகளின் தண்டையும் மொட்டையும் பல மடங்கு பெரிதாக்கிப் படம் எடுத்தார். 1928ல் அவை நூலாக வந்த போது, சுருண்ட பெரணி இலைகள் இரும்பு வேலைப்பாடு போலத் தெரிந்தன. 1930ல் எட்வர்ட் வெஸ்டன் ஒரு குடைமிளகாயைத் தகரப் புனலுக்குள் வைத்துப் படம் எடுத்தார். புனலின் உட்புறம் வெளிச்சத்தைச் சுற்றிலும் பரப்பியது. அந்தப் படத்தில் குடைமிளகாய் திரண்ட மனித உடல் போலத் தோன்றுகிறது.

இவர்கள் எடுத்துக் கொண்ட பொருட்களைக் கவனியுங்கள். ஊசி, கிண்ணம், செடி, காய். விலை உயர்ந்தது ஒன்றும் இல்லை.

எது குளோசப், எது மேக்ரோ?

இந்த இரண்டு சொற்களையும் பலர் குழப்பிக் கொள்கிறார்கள். பொருளுக்கு அருகில் சென்று எடுக்கும் எல்லாப் படமும் குளோசப் தான். மேக்ரோ என்பதற்குக் கொஞ்சம் கறாரான அளவு உண்டு. பொருளின் உண்மையான அளவும், கேமராவின் சென்சார் மீது விழும் பிம்பத்தின் அளவும் சமமாக இருந்தால் அது 1:1 மேக்ரோ. புல் பிரேம் கேமராவின் சென்சார் 36 மி.மீ. அகலம், 24 மி.மீ. உயரம் கொண்டது. 2011ல் வெளிவந்த ஒரு ரூபாய் நாணயத்தின் விட்டம் சுமார் 22 மி.மீ. எனவே 1:1 அளவில் எடுத்தால் அந்த நாணயம் படத்தின் உயரத்தை அநேகமாக நிரப்பி விடும்.

அரூபப் படத்துக்கு 1:1 கட்டாயம் இல்லை. உள்ளங்கை அளவுள்ள பகுதியை எடுத்தாலே பல பொருட்களின் பெயர் மறைந்து விடும்.

உங்களிடம் என்ன இருக்கிறது?

மொபைல் போன்: பல போன்களின் முக்கியக் கேமரா மிக அருகில் உள்ள பொருளை போகஸ் செய்யாது. சில போன்கள், நீங்கள் நெருங்கியதும் தானாகவே அல்ட்ரா வைட் லென்சுக்கு மாறி, 2 அல்லது 3 செ.மீ. தூரத்திலும் படம் எடுக்கும். சில விலை குறைந்த போன்களில் தனியாக 2 மெகா பிக்ஸெல் மேக்ரோ கேமரா ஒன்று இருக்கும். அதன் படம் 1600க்கு 1200 பிக்ஸெல் அளவில் தான் கிடைக்கும். திரையில் பார்க்கலாம், பெரிய பிரிண்ட் போட முடியாது. அப்படிப்பட்ட போனில், முக்கியக் கேமராவுக்கு முன்னால் நகைக்கடைக்காரர்கள் பயன்படுத்தும் சிறிய பூதக்கண்ணாடியைப் பிடித்து எடுத்தால் நல்ல பலன் கிடைக்கும்.

டிஜிட்டல் ஸூமை மட்டும் நம்ப வேண்டாம். அது இருக்கும் பிக்ஸெல்களைப் பெரிதாக்கி, இடைவெளியைக் கணக்குப் போட்டு நிரப்புகிறது. இப்போது செயற்கை நுண்ணறிவைக் கொண்டு இல்லாத நுணுக்கங்களைச் சேர்க்கும் சாப்ட்வேர்களும் வந்துவிட்டன. படம் பளிச்சென்று இருக்கும். ஆனால் உங்கள் டம்ளரில் இருக்கும் கீறலுக்குப் பதிலாக, ஏதோ ஒரு டம்ளரில் இருக்கக் கூடிய கீறல் அதில் வந்து விடும். நாம் இருப்பதைப் பார்க்கத் தானே கிளம்பியிருக்கிறோம்?

காம்பேக்ட் டிஜிட்டல் கேமரா: பூ அடையாளம் உள்ள பட்டன் அல்லது மெனு இருக்கிறதா என்று பாருங்கள். அது தான் மேக்ரோ மோட். பழைய கேமராவாக இருந்தாலும் பரவாயில்லை. இவற்றில் பல, ஸூமைப் பயன்படுத்தாமல் அகலக் கோணத்தில் வைத்தால் சில சென்டிமீட்டர் தூரத்திலேயே போகஸ் செய்யும்.

லென்ஸ் மாற்றும் கேமரா: மேக்ரோ லென்ஸ் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் எக்ஸ்டென்ஷன் டியூப் என்ற வெற்று வளையம் போதும். கேமராவுக்கும் லென்சுக்கும் நடுவில் இதை மாட்ட வேண்டும். கணக்கு எளிது. வளையத்தின் நீளத்தை லென்சின் போகல் லெங்த்தால் வகுத்தால், எவ்வளவு உருப்பெருக்கம் கூடும் என்று தெரியும். 50 மி.மீ. லென்சுடன் 25 மி.மீ. வளையம் மாட்டினால் பாதி அளவு, அதாவது 1:2 கூடுதலாகக் கிடைக்கும்.

ஸ்கேனர்: பலருக்குத் தோன்றாத கேமரா இது. இதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

வெளிச்சம் தான் பாதி வேலை

குளோசப் படத்தில் பொருளை விட வெளிச்சத்தின் திசை தான் முக்கியம். கேமராவில் உள்ள பிளாஷை முதலில் அணைத்து விடுங்கள். அது நேராக அடித்து மேடு பள்ளங்களின் நிழலை அழித்து விடும்.

ஒரு டார்ச் அல்லது டேபிள் லேம்பை எடுத்துக் கொள்ளுங்கள். பொருளின் மேற்பரப்பை உரசிச் செல்வது போலப் பக்கவாட்டில் இருந்து வெளிச்சம் விழட்டும். சுவரின் மேல் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் சுண்ணாம்புப் பூச்சின் ஒவ்வொரு பொருக்கும் தெரிகிறதல்லவா? அதே தத்துவம் தான். துணி, மரம், காகிதம், தோல், பிஸ்கட் எல்லாவற்றுக்கும் இந்த வெளிச்சம் பொருந்தும்.

வெங்காயத் தோல், இலை, கண்ணாடி போன்ற ஒளி ஊடுருவும் பொருட்களுக்குப் பின்னால் இருந்து வெளிச்சம் வர வேண்டும். இதற்குத் தனி விளக்கு வேண்டாம். கம்ப்யூட்டரில் ஒரு வெற்று வெள்ளைப் பக்கத்தை முழுத்திரையில் திறந்து, அதற்கு முன்னால் ஓர் அடி தள்ளிப் பிடியுங்கள். மானிட்டரே விளக்காகி விடும்.

வெளிச்சம் கடுமையாக இருந்தால் விளக்குக்கு முன்னால் ஒரு டிரேசிங் பேப்பரைப் பிடியுங்கள். நிழல் பக்கம் மிகவும் கறுத்திருந்தால் எதிர்ப்புறம் ஒரு வெள்ளைக் காகிதத்தை நிறுத்தி வையுங்கள்.

போகஸ்: முன்னும் பின்னும் நகருங்கள்

நெருங்க நெருங்கப் படத்தில் தெளிவாக விழும் ஆழம் குறைந்து கொண்டே போகும். புல் பிரேம் கேமராவில் 1:1 அளவில், எப் 8 அப்பெர்ச்சரில் எடுத்தால் ஏறத்தாழ 1 மி.மீ. ஆழம் மட்டும் தான் தெளிவாக இருக்கும். எப் 16 வைத்தால் 2 மி.மீ. அதற்கு மேலும் துவாரத்தைச் சுருக்கினால் டிப்ராக்ஷன் என்ற ஒளிச்சிதறலால் படம் முழுவதுமே சற்று மங்கி விடும்.

எனவே கீழ்க்கண்டவாறு செய்யுங்கள்.

1. கேமராவை டிரைபாடில் வையுங்கள். போனாக இருந்தால் நான்கைந்து புத்தகங்களை அடுக்கி அதன் மேல் சாய்த்து வைக்கலாம்.

2. மேனுவல் போகஸ் வசதி இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். லென்ஸ் வளையத்தைத் திருப்புவதை விட, கேமராவையோ பொருளையோ சிறிது முன்னும் பின்னும் நகர்த்தி போகஸ் செய்வது சுலபம்.

3. சமதளமான பொருள் என்றால் கேமராவை அதற்கு நேர் இணையாக வையுங்கள். கொஞ்சம் சாய்ந்தாலும் ஒரு ஓரம் மங்கும்.

4. 2 வினாடி டைமர் வைத்து எடுங்கள். பட்டனை அழுத்தும் அதிர்வு கூட இந்தத் தூரத்தில் படத்தைக் கெடுக்கும். மின்விசிறியையும் நிறுத்தி விடுங்கள்.

மங்கல் எப்போதும் குறை அல்ல என்பதையும் மனதில் வையுங்கள். ஒரே ஒரு கோடு தெளிவாக இருந்து மற்றவை கரைந்து போனால், அதுவே நல்ல அரூபப் படமாக அமையும்.

பயிற்சி 1: ஸ்டீல் டம்ளர்

டம்ளரைக் கவிழ்த்து வையுங்கள். அடிப்புறத்தில் மெருகேற்றிய போது விழுந்த வட்டக் கோடுகள் தெரியும். டார்ச்சைத் தாழ்வாகப் பிடித்து மெதுவாகச் சுற்றி வாருங்கள். இரண்டு ஒளிக்கீற்றுகள் விசிறி போல விரிந்து உங்கள் டார்ச்சுடன் சேர்ந்து சுழலும். பிடித்த இடத்தில் நிறுத்தி எடுங்கள்.

அடுத்து டம்ளரைப் பக்கவாட்டில் வைத்து, இடது பக்கம் சிவப்புத் துணியும் வலது பக்கம் நீலத் துணியும் தொங்க விடுங்கள். வளைந்த ஸ்டீல் இரண்டு நிறங்களையும் நெருக்கிப் பட்டைகளாக்கி விடும். உங்கள் சட்டையும் அதில் தெரியும் என்பதால் கறுப்பு உடை அணிந்து எடுப்பது நல்லது.

பயிற்சி 2: பழைய சி.டி.

சி.டி.யில் தகவல் எழுதப்பட்ட தடம் உள்ளிருந்து வெளியே சுருளாகச் செல்கிறது. ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் உள்ள இடைவெளி 1.6 மைக்ரோமீட்டர். அதாவது ஒரு மில்லிமீட்டருக்குள் 625 சுற்றுகள். இந்த நெருக்கமான கோடுகள் வெள்ளை ஒளியை நிறங்களாகப் பிரித்து வெவ்வேறு கோணத்தில் அனுப்புகின்றன. டி.வி.டி.யில் இடைவெளி 0.74 மைக்ரோமீட்டர் என்பதால் நிறங்கள் இன்னும் அதிகமாக விரியும்.

அறையை இருட்டாக்கி, போன் டார்ச் ஒன்றை மட்டும் ஏற்றுங்கள். இஸ்திரி போடும் போது தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரே பாட்டிலால் சி.டி.யின் பளபளப்பான பக்கத்தில் லேசாகத் தெளியுங்கள். ஒவ்வொரு துளியும் ஒரு குட்டி லென்சாக மாறி, தனக்குக் கீழே உள்ள நிறங்களை வளைத்துக் காட்டும். இதைக் கம்ப்யூட்டர் மேஜையில் செய்ய வேண்டாம். கீபோர்டுக்குத் தண்ணீர் ஆகாது.

பயிற்சி 3: மானிட்டரும் பிளாஸ்டிக் ஸ்கேலும்

எனக்கு மிகவும் பிடித்த பயிற்சி இது. எல்.சி.டி. மானிட்டரில் இருந்து வரும் ஒளி போலரைஸ்டு ஒளி, அதாவது ஒரே திசையில் அதிரும் ஒளி. திரையில் வெள்ளைப் பக்கத்தைத் திறந்து வையுங்கள். போலரைசிங் பில்டர் ஒன்றை, அல்லது போலரைஸ்டு கூலிங் கிளாசின் கண்ணாடியைக் கேமரா லென்சுக்கு முன்னால் பிடித்து மெதுவாகத் திருப்புங்கள். ஒரு நிலையில் திரை முழுவதும் கறுத்து விடும். இப்போது திரைக்கும் பில்டருக்கும் நடுவில் ஒரு தெளிவான பிளாஸ்டிக் ஸ்கேலையோ, சி.டி. பெட்டியின் மூடியையோ கொண்டு வாருங்கள். கறுப்புப் பின்னணியில் பிளாஸ்டிக்குக்குள் வானவில் நிறங்கள் ஓடும்.

இந்த நிறங்கள் பிளாஸ்டிக்கில் பூசப்பட்டவை அல்ல. உருகிய பிளாஸ்டிக்கை அச்சுக்குள் செலுத்தி ஆற வைத்த போது உள்ளே தங்கிப் போன இறுக்கத்தின் அடையாளம். இறுக்கம் அதிகமான இடத்தில் நிறப் பட்டைகள் நெருங்கி இருக்கும். ஒளி ஊடுருவும் பொருளை அழுத்தினால் இப்படி நிறம் தோன்றும் என்பதை ஸ்காட்லாந்து விஞ்ஞானி டேவிட் ப்ரூஸ்டர் 1815ஆம் ஆண்டு வாக்கில் கண்டறிந்தார். பொறியாளர்கள் எந்திர உறுப்புகளின் பிளாஸ்டிக் மாதிரிகளைச் செய்து, சுமை எங்கே விழுகிறது என்று அறிய இதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். ஸ்கேலை லேசாக வளைத்துப் பாருங்கள். நிறங்கள் நகரும்.

ஓ.எல்.இ.டி. திரைகளில் இது இதே போல அமையாது. எல்.சி.டி. மானிட்டர் அல்லது லேப்டாப்பில் செய்யுங்கள்.

கையோடு கையாக அந்த வெள்ளைத் திரையையும் மேக்ரோவில் எடுத்துப் பாருங்கள். 24 அங்குல முழு எச்.டி. மானிட்டரில் ஒரு பிக்ஸெல்லின் அகலம் சுமார் 0.28 மி.மீ. நெருங்கினால் அது சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று பட்டைகளாகப் பிரியும். வெள்ளை என்று நாம் பெயர் வைத்த இடத்தில் வெள்ளையே இருக்காது.

பயிற்சி 4: ஸ்கேனரே கேமரா

பிளாட்பெட் ஸ்கேனரில் கண்ணாடி மேல் ஒரு தெளிவான ஓ.எச்.பி. ஷீட்டை விரித்து, அதன் மேல் இலை, வெங்காயத் தோல், நாணயம், நூல்கண்டு போன்றவற்றை வையுங்கள். ஷீட் இல்லாமல் வைத்தால் கண்ணாடியில் கீறல் விழலாம். மூடியைத் திறந்தே வைத்து, அறை விளக்கை அணைத்து ஸ்கேன் செய்தால் பின்னணி கறுப்பாக வரும்.

ரெசல்யூஷனை 1200 டி.பி.ஐ. என்று அமையுங்கள். 2 அங்குலப் பொருள் ஒன்று 2400 பிக்ஸெல் அகலத்தில் கிடைக்கும். அதை 300 டி.பி.ஐ.யில் பிரிண்ட் எடுத்தால் 8 அங்குலம். அதாவது நான்கு மடங்கு பெரிதான, தெளிவான படம். சி.சி.டி. வகை ஸ்கேனர்கள் கண்ணாடிக்குச் சற்று மேலே இருப்பதையும் தெளிவாகப் பதியும். மெலிதான சி.ஐ.எஸ். வகை ஸ்கேனர்களில் கண்ணாடியைத் தொட்டுக் கொண்டிருக்கும் பகுதி மட்டுமே தெளிவாக வரும். உங்கள் ஸ்கேனர் எந்த வகை என்பதை அதன் கையேட்டில் பாருங்கள்.

கம்ப்யூட்டரில் செய்ய வேண்டியவை

படங்களைக் கம்ப்யூட்டருக்கு மாற்றியதும் ஒரிஜினல் என்று ஒரு போல்டரை உருவாக்கி அதில் வையுங்கள். அவற்றின் நகலில் மட்டும் வேலை செய்யுங்கள். பிறகு கீழ்க்கண்ட வரிசையில் செல்லலாம்.

கிராப்: வீட்டில் பயன்படுத்த இலவசமாகக் கிடைக்கும் இர்பான்வியூ புரோகிராமில் படத்தைத் திறந்து, மவுஸால் ஒரு கட்டம் இழுத்து, கன்ட்ரோலுடன் ஒய் கீயை அழுத்தினால் அந்தப் பகுதி மட்டும் தனியாக வரும். பொருளைக் காட்டிக் கொடுக்கும் விளிம்புகளை வெட்டி விடுங்கள். சேவ் ஆஸ் கொடுத்து வேறு பெயரில் சேமியுங்கள்.

திருப்புதல்: அதே புரோகிராமில் ஆர் கீயை அழுத்தினால் படம் வலப்புறம் திரும்பும். நான்கு திசைகளிலும் வைத்துப் பாருங்கள். மேல் கீழ் தெரியாத படத்துக்கு எந்தப் பக்கம் மேல் என்பதை நீங்கள் தான் முடிவு செய்ய வேண்டும். கனமான இருட்டுப் பகுதி கீழே இருந்தால் படம் அமைதியாக நிற்கும். மேலே இருந்தால் பரபரப்பு கூடும்.

கறுப்பு வெள்ளை: இலவச ஜிம்ப் புரோகிராமில் கலர்ஸ் மெனுவில் டீசாச்சுரேட் என்பதைத் தேர்ந்தெடுங்கள். நிறம் போன பின்னும் படம் நன்றாக இருந்தால் அதன் பலம் வடிவத்தில் இருக்கிறது. நிறம் போனதும் படம் செத்து விட்டால் அது நிறத்தால் நின்ற படம். நிறத்தையே வைத்துக் கொள்ளுங்கள்.

லெவல்ஸ்: அதே கலர்ஸ் மெனுவில் லெவல்ஸ் பகுதியைத் திறந்தால் மலை போன்ற ஒரு வரைபடம் தெரியும். கறுப்பு முக்கோணத்தை மலை தொடங்கும் இடத்துக்கும், வெள்ளை முக்கோணத்தை முடியும் இடத்துக்கும் நகர்த்துங்கள். மங்கலாக இருந்த படம் எழுந்து நிற்கும். அளவோடு செய்யுங்கள்.

ஸ்டேக்கிங்: ஆழமான பொருள் முழுவதும் தெளிவாக வேண்டும் என்றால், போகஸைச் சிறிது சிறிதாக நகர்த்திப் பத்துப் படங்கள் எடுத்து ஒன்றாக இணைக்கலாம். போட்டோஷாப்பில் எடிட் மெனுவில் உள்ள ஆட்டோ அலைன் லேயர்ஸ், ஆட்டோ பிளெண்ட் லேயர்ஸ் ஆகியவற்றால் இதைச் செய்யலாம். இலவசமாக வேண்டும் என்றால் ஹியூஜின் தொகுப்பில் உள்ள கருவிகள் இருக்கின்றன.

ஒரு பானையின் படம்

இவ்வளவு செய்து என்ன பயன் என்று கேட்பவர்களுக்காக ஒன்று சொல்கிறேன்.

தனி வீட்டில் இருந்து பிளாட்டுக்குக் குடிவந்த போது, எங்கள் வீட்டின் பெரிய வெண்கலப் பானையை வைக்க இடம் இல்லை. அதைப் பாத்திரக் கடையில் போட்டு மாற்றிக் கொள்வது என்று முடிவானது. அம்மா அதில் நாற்பது வருடம் பொங்கியவர். கொண்டு போவதற்கு முந்தின நாள் அந்தப் பானையை முழுதாக ஒரு படமும், அதன் வயிற்றுப் பகுதியை மிக அருகில் பதினைந்து படங்களும் எடுத்தேன். பக்கவாட்டு வெளிச்சத்தில் ஆயிரக்கணக்கான மெல்லிய கீறல்கள் தெரிந்தன. எல்லாம் ஒரே பக்கமாக வளைந்து, காற்று வீசிய மணல் போல இருந்தது.

அதில் ஒரு படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் எடுத்துக் காட்டினேன். உறவினர் ஒருவர் பாலைவனம் என்றார். பக்கத்து வீட்டுப் பையன் நிலாவா அங்கிள் என்று கேட்டான். அம்மா கண்ணாடியைப் போட்டுக் கொண்டு ஒரு நிமிடம் பார்த்தார்.

"நம்ம பானைடா இது."

"எப்படிம்மா தெரிஞ்சுது?"

"புளி போட்டுத் தேய்ச்ச கைக்குத் தெரியாதா? இடது கையில பிடிச்சுக்கிட்டு இப்படிச் சுத்தித் தேய்ப்பேன். கோடு அப்படியே வளைஞ்சிருக்கு பாரு."

பெயர் மறைய வேண்டும் என்று மேலே எழுதியிருந்தேன். பார்ப்பவருக்கு மறைந்தது உண்மை தான். ஆனால் அந்தப் பொருளோடு வாழ்ந்தவருக்கு மறையவில்லை. கீறல் என்று நான் எடுத்தது அவருடைய கை அசைவின் பதிவு. முழுப் பானையின் படத்தில் இது தெரியவே இல்லை. நெருங்கிய படத்தில் தான் இருக்கிறது. பானை கடைக்குப் போய்விட்டது. படம் அம்மாவின் அறைச் சுவரில் இருக்கிறது.

உங்கள் வீட்டிலும் இப்படிப் பொருட்கள் இருக்கும். தேய்ந்த அம்மிக்கல்லின் பள்ளம், அப்பாவின் கைக்கடிகாரக் கண்ணாடி, தையல் மெஷினின் கைச்சக்கரம், எழுத்து அழிந்த கீபோர்டின் கீ. அழகு என்று யாரும் சொல்லாத இவற்றின் மேல் தான் வீட்டின் வருடங்கள் எழுதப்பட்டிருக்கின்றன. பழைய சாமான்காரர் வருவதற்கு முன் எடுத்து வையுங்கள்.

இந்த மாத வீட்டுப்பாடம்

ஒரே ஒரு பொருளைத் தேர்ந்தெடுங்கள். கைக்கு அடக்கமாக, தினமும் புழங்குவதாக இருக்கட்டும். முதலில் முழுதாக ஒரு படம் எடுத்து, பொருளின் பெயரையும் தேதியையும் பைலின் பெயராகக் கொடுத்துச் சேமியுங்கள். பிறகு அதே பொருளை 20 விதமாக நெருங்கி எடுங்கள். முதல் ஐந்து படங்கள் எல்லாரும் எடுப்பது போலத் தான் வரும். பத்துக்கு மேல் அலுப்புத் தட்டும். அங்கே நிறுத்த வேண்டாம். அதற்குப் பிறகு தான் வெளிச்சத்தை நகர்த்தவும், பொருளைத் திருப்பவும் கை தானாகவே துணியும்.

இருபதில் மிகச் சிறந்த மூன்றை மட்டும் வைத்துக் கொண்டு, அதில் ஒன்றை டெஸ்க்டாப் வால்பேப்பராகப் போடுங்கள். வீட்டில் உள்ளவர்களிடம் அது என்னவென்று கேளுங்கள். யார் சரியாகச் சொல்கிறார்கள் என்று பாருங்கள். அந்தப் பொருளை அதிகம் தொட்டவர் யார் என்பதும் தெரிந்து விடும்.